கடைசி விசிலிலிருந்து பின்னோக்கி: மதுரையிலிருந்து கொச்சிக்கு ஓர் ஆட்டப் பயணம்

மதுரைக்காரருக்கு ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பாலில் சொந்த ஊர் ஆட்டம் என்று ஒன்று கிடையாது. சென்னையின் எஃப்சி நம் மாநிலத்து அணிதான். ஆனால் அது ஆடும் பெரியமேடு நேரு ஸ்டேடியம் மதுரை ஜங்ஷனிலிருந்து ரயிலில் 490 கி.மீ. சொச்சம். பெங்களூரு கண்டீரவா மைதானம் சாலை வழியாக 430 கி.மீ.க்கு மேல். கொச்சி கலூர் ஸ்டேடியமோ தேனி, மூணாறு வழியில் 300 கி.மீ.க்குள் வந்துவிடுகிறது. நம் அணியின் மைதானத்தைவிட எதிரணியின் மைதானம்தான் நமக்குக் கிட்டே. அதனால் சென்னையின் எஃப்சி கொச்சிக்குப் போய் கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடுகிறது என்று தெரிந்ததுமே மதுரையிலும் தேனியிலும் கம்பத்திலும் "போயிட்டு வந்துருவோமா?" என்று பேச்சு கிளம்பிவிடும். வெளியூர் மைதானம் இந்த அணிக்கு ராசியானதும்கூட. சென்னையின் எஃப்சி வென்ற இரண்டு கோப்பைகளும் எதிரணியின் சொந்த மண்ணில் வென்றவை: 2015 டிசம்பரில் கோவாவின் ஃபதோர்தாவில், 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவாவில். இரண்டிலும் 3-2.

பேச்சு கிளம்புவது எளிது. போய்ச் சேர்வதும் ஓரளவு எளிதுதான். இந்தப் பயணங்கள் கெடுவது திரும்பும்போது. போகிற வண்டியை எல்லோரும் யோசித்து வைக்கிறார்கள். திரும்பும் வண்டியை "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கலூர் சாலையில் பல்லாயிரம் பேர் நடுவில் நின்றுகொண்டு, சார்ஜ் இல்லாத போனில் பஸ் தேடுவது அப்படித்தான் நேர்கிறது. ஆகவே திட்டத்தைத் தொடங்க வேண்டிய இடம் மதுரை ஜங்ஷன் இல்லை, நடுவரின் கடைசி விசில்.

இரவு 10 மணிக் கணக்கு

ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் பெரும்பாலானவை இரவு 7.30க்குத் தொடங்குகின்றன. சனி, ஞாயிறுகளில் இரண்டு ஆட்டம் இருந்தால் ஒன்று மாலை 5 மணிக்கு. 7.30 ஆட்டத்தில் முதல் பாதி 45 நிமிடம், கூடுதல் நேரம் 2, 3 நிமிடம், இடைவேளை 15, இரண்டாம் பாதி 45, அதன் கூடுதல் நேரம் 5, 6. ஆக விசில் ஊதும்போது மணி 9.25. வெளியூர் ரசிகர்களை, உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை கால் மணி நேரமாவது உட்கார வைப்பது உண்டு. படி இறங்கி, கேட் தாண்டி, சாலைக்கு வர இன்னும் கால் மணி நேரம். உங்கள் இரவு தொடங்குவது 10 மணிக்கு. நாக்-அவுட் ஆட்டமாக இருந்து கூடுதல் 30 நிமிடம், பெனால்டி என்று போனால் 11 மணி. ரயிலோ பஸ்ஸோ அறையோ, இந்த மணிக்குப் பிறகு கையில் கிடைப்பதுதான் உண்மையான வழி. 9.45 வண்டியைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர் 80ஆவது நிமிடத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். அதற்கு வீட்டிலேயே டி.வி.யில் பார்க்கலாம்.

இதே கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். மதுரைக்காரர் எல்லோருக்கும் பழகிய பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து கிளம்புவது இரவு 9.40 வாக்கில். எழும்பூர் நிலையம் ஸ்டேடியத்திலிருந்து இரண்டு கி.மீ.தான். ஆனாலும் 7.30 ஆட்டம் பார்த்துவிட்டு அதைப் பிடிக்க முடியாது. 5 மணி ஆட்டமென்றால் ராஜபோகம்: 7 மணிக்கு முடிந்து, சாப்பிட்டு, நிதானமாக ஏறலாம். 7.30 ஆட்டமென்றால் இரண்டு வழிதான். ஒன்று, கிளாம்பாக்கம். தென் மாவட்ட பஸ்கள் இப்போது அங்கிருந்து கிளம்புவதால் பெரியமேட்டிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். 11.30க்குப் பிறகு புறப்படும் பஸ்ஸில் முன்பதிவு செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். இரண்டு, எழும்பூரில் ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலை 6 மணி தேஜஸ், பகல் 12.15 வாக்கில் மதுரை. வியாழக்கிழமை தேஜஸ் ஓடாது.

பெங்களூருக்கு மதுரை வந்தே பாரத் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய வண்டி, காலை 5.15க்கு மதுரையில் ஏறினால் பகல் 1 மணிக்கு பெங்களூரு கன்டோன்மென்ட், செவ்வாய் தவிர. போவதற்கு அதைவிடத் தோதான வண்டி இல்லை. திரும்பும் நடை மதியம் 1.30க்கு என்பதால் ஆட்டத்துக்கு உதவாது. ஆனால் கண்டீரவாவிலிருந்து சாந்தி நகர் பஸ் நிலையம் ரொம்பக் கிட்டே, தமிழக அரசு விரைவுப் பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. தனியார் பஸ் என்றால் மடிவாளா. 10.45க்குப் பிறகான பஸ்ஸைப் பிடித்தால் காலை 7, 8 மணிக்கு மாட்டுத்தாவணி.

கொச்சிதான் சிக்கலானது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நள்ளிரவு தாண்டி வரும் வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம், எர்ணாகுளம் டவுன், திருச்சூர், பாலக்காடு, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ், ஆட்டம் பார்ப்பவருக்கென்றே போட்டது போன்ற வண்டி. எண் 16343. எர்ணாகுளம் டவுனுக்கு, அதாவது உள்ளூரார் நார்த் என்று சொல்லும் நிலையத்துக்கு, நள்ளிரவு தாண்டி வருகிறது. ஸ்டேடியத்து வாசலிலேயே மெட்ரோ நிலையம். அதன் பெயரே ஜே.எல்.என். ஸ்டேடியம். அங்கிருந்து கலூர், அடுத்தது டவுன் ஹால். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் நார்த் ரயில் நிலையம் நடை தூரம். விசிலுக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் போல இருப்பதால் ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் பதற்றம் இல்லை. படுத்தால் பழனி மலையைப் பார்த்து எழலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். ஆட்டம் சனிக்கிழமை என்றால் வண்டி எர்ணாகுளத்துக்கு வருவது ஞாயிறு பிறந்த பிறகு. ஆகவே ஐ.ஆர்.சி.டி.சி.யில் எர்ணாகுளம் டவுன் என்று போட்டுத் தேடும்போது ஞாயிறு தேதியைத்தான் கொடுக்க வேண்டும். "சனிக்கிழமை ராத்திரி வண்டி" என்று சனி தேதிக்குப் பதிவு செய்தால் உங்கள் படுக்கை ஆட்டத்துக்கு முந்தின நள்ளிரவிலேயே போய்விடும். டிக்கெட் எடுத்ததும் ஏறும் நேரத்தையும் தேதியையும் குழுவில் இன்னொருவர் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

இன்னொன்று, நடுவழி நிலையத்திலிருந்து ஏறுபவர்களுக்கு ஒதுக்கப்படும் படுக்கைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த வகைக் காத்திருப்புப் பட்டியல் நகர்வதும் மெதுவாகத்தான். எர்ணாகுளத்திலிருந்து இடம் இல்லை என்றால் கொல்லத்திலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தை எர்ணாகுளம் டவுன் என்று மாற்றிக்கொள்ளலாம். முழுத் தூரத்துக்கும் கட்டணம் போகும், ஆனால் படுக்கை உறுதி. இந்த மாற்றத்தை வண்டி புறப்படுவதற்கு முன்பே, அதற்கான கெடு தாண்டாமல் செய்துவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் அது சனிக்கிழமையே கிளம்பிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் விட்டுவிட்டு எர்ணாகுளத்தில் போய் ஏறினால் டி.டி.ஆர். அந்தப் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம், அதில் அவர்மேல் தப்பில்லை.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. ஒரே டிக்கெட்டில் 6 பேர் வரைதான். தட்கலில் 4 பேர், ஏ.சி.க்கு முந்தின நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இப்போது இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. அதைக் கடைசி நாளில் செய்ய உட்காராதீர்கள்.

போகும்போது இதே அமிர்தாவின் எதிர் நடை, 16344, பிற்பகலில் மதுரையை விட்டு நள்ளிரவு வாக்கில் எர்ணாகுளம் சேர்கிறது. முந்தின நாளே ஏறி, நார்த் பக்கம் ஓர் அறை எடுக்க வேண்டும். அறைச் செலவு வேண்டாம் என்றால் ஆட்டத்தன்றே பஸ்ஸில் போகலாம். ஆரப்பாளையத்தில் விடியற்காலை 5 மணிக்கு முன் தேனி, கம்பம், குமுளிப் பஸ்ஸில் ஏறினால் 9 மணி வாக்கில் குமுளி. எல்லையைத் தாண்டினால் கேரள அரசுப் பஸ், கோட்டயம் அல்லது எர்ணாகுளம் நோக்கி. வண்டிப்பெரியார், பீர்மேடு, முண்டக்கயம், கோட்டயம் என்று இறங்கி எர்ணாகுளம் போக ஐந்து, ஆறு மணி நேரம். பஸ் வைற்றிலா வழியாகப் போனால் அங்கேயே இறங்கிவிடுங்கள். வைற்றிலா மொபிலிட்டி ஹப்பும் மெட்ரோ நிலையமும் ஒட்டியே இருக்கின்றன.

கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் இந்தக் குமுளிக் கணக்கு செல்லாது. ஐயப்ப சாமிகள் போகிற வழி இதுதான். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்பி, வரும் வண்டிகளை மட்டும் குமுளி வழியாக விடும் ஒருவழி ஏற்பாடு பல வருடங்களாக நடக்கிறது. அந்தப் பருவத்தில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது ரயிலுக்கு மாறுங்கள்.

வேன் எடுப்பதென்றால்

6 பேர் என்றால் ரயில், 14, 15 பேருக்கு மேல் என்றால் வேன். 8, 9 பேர்தான் சங்கடமான எண்ணிக்கை. காருக்கு அதிகம், வேனுக்குக் குறைவு, ரயிலில் இரண்டு டிக்கெட்டாகப் பிரியும். இன்னும் ஐந்து பேரைச் சேருங்கள், முடியாவிட்டால் ரயில்தான்.

வேன் வாடகை என்றதும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு முடிக்கிறார்கள். அந்த ரேட்டுக்கு வெளியே ஐந்து செலவு இருக்கிறது: டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், கேரளா பர்மிட், சில டிராவல்ஸ் கேட்கும் மலைப்பாதைக் கூடுதல். பர்மிட் முக்கியம். மஞ்சள் போர்டு வண்டிக்கு அனைத்திந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கேரள வரியை யார் கட்டுவது, ரசீது கையில் இருக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லையில் ஒரு மணி நேரம் நின்றாலும் போவது உங்கள் முதல் பாதி.

நாள் கணக்கையும் கேளுங்கள். பல டிராவல்ஸில் இரவு 12 மணிக்கு நாள் மாறும். ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உண்டு. வெள்ளி இரவு 11 மணிக்குக் கிளம்பி ஞாயிறு காலை வந்தால் மூன்று நாள் ஆகிவிடும். அதையே சனி விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் இரண்டே நாள். வேறு சிலர் 24 மணி நேரத்தை ஒரு நாளாகப் பார்ப்பார்கள். எந்தக் கணக்கு என்று தெரியாமல் கிளம்பினால் திரும்பி வந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று சண்டை போடுவீர்கள்.

வழியைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம்: மலை ஏறிப் போங்கள், கணவாய் வழியாக வாருங்கள். போகும்போது தேனி, போடி, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காலை வெளிச்சத்தில் அருமையான பாதை. மதுரையிலிருந்து நிறுத்தி நிறுத்திப் போக 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் முந்தின இரவே மூணாறு, நேரியமங்கலம் பக்கம் மண்சரிவு ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

திரும்பும்போது அதே வழியில் வரவே கூடாது. 10 மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவில் நேரியமங்கலம் காடு, 2, 3 மணிக்கு மூணாறும் போடிமெட்டும். பனிமூட்டம், யானை, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம், மூன்றும் ஒரே இடத்தில் சேருகின்றன. குமுளி வழியிலும் குட்டிக்கானம், பீர்மேடு மூட்டம் அப்படித்தான். அதனால் ஆலுவா, திருச்சூர், குதிரான் சுரங்கம், வடக்கஞ்சேரி என்று வந்து, நெம்மாறை, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயில் ஒரு ஏற்றம்கூட இல்லாமல் வந்துவிடலாம். தூரம் 70, 80 கி.மீ. கூடும், அந்த டீசல் காசுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். தைப்பூசம் நெருங்கும்போது மட்டும் ஒட்டன்சத்திரம், பழனிப் பகுதியில் பாதயாத்திரை பக்தர்கள் இரவெல்லாம் சாலையோரம் நடப்பார்கள். அங்கே வேகத்தைப் பாதியாகக் குறைக்க டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டிரைவர் தூங்குவதற்கு இடம் ஏற்பாடு செய்வதுதான் இந்தப் பயணத்தின் மிக முக்கியமான செலவு. விடிகாலை 4 மணிக்கு மதுரையில் ஸ்டியரிங் பிடித்தவர் அன்று இரவு 10 மணிக்கு மறுபடி பிடிக்கிறார். நடுவில் வண்டி சீட்டிலேயே கண்ணயர்ந்தால் போதாது. கொச்சி வெக்கையில் நிறுத்திய வேனுக்குள் யாராலும் தூங்க முடியாது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 வரை ஒரு லாட்ஜ் அறை, ஃபேன், கட்டில், அவர் பெயருக்கே. தலைக்கு ஒரு டீ, வடைக் காசுதான் வரும். 15 பேருக்கு மேல் என்றால் இரண்டாவது டிரைவர் கேட்டு வாங்குங்கள். இரவு 2 முதல் 5 வரை ஒருவர் முன் சீட்டில் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். யார் என்று மதுரையிலேயே பெயர் குறித்துவிடுங்கள்.

வேனைக் கலூர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஆட்ட நாளில் ஸ்டேடியத்தைச் சுற்றிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், நிறுத்திய வண்டியை எடுக்க 11 மணியாகும். கொச்சி மெட்ரோவின் வடகோடி ஆலுவா. திரும்பும் வழியும் அந்தப் பக்கம்தான். டிரைவரின் அறையையும் வேனையும் ஆலுவாவிலேயே வைத்துவிட்டு மெட்ரோவில் ஸ்டேடியம் போங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆட்டம் முடிந்து மெட்ரோவில் ஆலுவா வந்து இறங்கினால் நகர நெரிசலில் ஒரு விளக்குக்குக்கூட நிற்காமல் நேராகத் தேசிய நெடுஞ்சாலை. ஆட்ட நாட்களில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடுவது வழக்கம்தான் என்றாலும், அன்றைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பும் மெட்ரோ டிக்கெட்டையும் போனில் முன்பே எடுத்து வையுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு கவுன்டர் வரிசை படிக்கட்டு வரை இறங்கி நிற்கும்.

டிக்கெட், எந்தப் பக்கம் உட்காருவது

ஆட்ட அட்டவணை வந்த அன்றே எல்லாவற்றையும் பணம் கட்டி முடிக்காதீர்கள். இந்திய ஃபுட்பாலில் தேதி நகரும். 2025-26 பருவமே வழக்கம்போல் செப்டம்பரில் தொடங்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஒளிபரப்புக்காக நேரம் மாறலாம், ஸ்டேடியத்தில் வேலை நடந்தால் ஊரே மாறலாம். ஆகவே முதலில் ரயில், ஏனென்றால் அதை ரத்து செய்தால் பெரும் பகுதி திரும்பி வரும். எவ்வளவு முன்னால் ரத்து செய்கிறோமோ அவ்வளவு குறைவாகப் பிடிப்பார்கள். அடுத்து, ரத்து செய்யக்கூடிய அறை. அதன்பின் ஆட்ட டிக்கெட். வேன் அட்வான்ஸ் கடைசி, ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு போதும். நேரம் 7.30இலிருந்து 5க்கு மாறினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். விடிகாலை 4 மணிக் கிளம்பலில் மூணாறு வழி 5 மணி ஆட்டத்துக்கும் எட்டும்.

வெளியூர் ரசிகர் பகுதி எல்லா ஸ்டேடியத்திலும் எல்லா ஆட்டத்துக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் பொது விற்பனையில் அது தெரியாது. வழி ஒன்றுதான்: சென்னையின் எஃப்சி ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸ் அல்லது சூப்பர் மச்சான்ஸ் வழியாகக் கேட்பது. அவர்கள் கிளப்புடன் பேசுவார்கள், கிளப் கொச்சி நிர்வாகத்துடன் பேசும். மூன்று வாரம் முன்பே தலை எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், மூன்று நாள் முன்பு சொன்னால் நடக்காது.

அந்தப் பகுதி கிடைக்கவில்லை என்றால் பக்கவாட்டு மேல்தட்டில் சாதாரண டிக்கெட் எடுத்து, நீல ஜெர்சியை மதுரையிலேயே வைத்துவிட்டு வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கொண்டு போங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் பிளாஸ்டர்ஸின் ரசிகர் குழுவான மஞ்ஞப்பட உட்காரும் பகுதியில் எடுக்கவே எடுக்காதீர்கள். அவர்கள் அடிக்கவா போகிறார்கள், இல்லை. மலையாளிகள் ஆட்டம் தெரிந்தவர்கள், மதுரையிலிருந்து வந்திருக்கிறோம் என்றால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் அங்கே தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாட வேண்டும். பாடாமல் நின்றால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். உடை பற்றி இன்னொன்று: நம் வீடுகளில் கிரிக்கெட்டுக்கு வாங்கிய மஞ்சள் டி-ஷர்ட் ஆளுக்கு ஒன்று இருக்கும். கொச்சியில் மஞ்சள் பிளாஸ்டர்ஸின் நிறம். அதைப் போட்டுக்கொண்டு சென்னையின் கோலுக்குக் குதித்தால் சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

எந்த உயரத்தில் உட்காருவது என்பது மைதானத்தைப் பொறுத்தது. சென்னையிலும் கண்டீரவாவிலும் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப் பக்கத்து ஆட்டம் தட்டையாகத் தெரியும், எவ்வளவு இடைவெளி என்றே பிடிபடாது. இரண்டிலும் பக்கவாட்டில், மேலே ஏறி உட்காருவது நல்லது. கொச்சியில் ஓட்டப்பாதை இல்லை. ஆனால் கிரிக்கெட்டுக்கும் ஆன வட்ட மைதானம் என்பதால் கோல் கம்பத்துப் பின்பக்கம் தள்ளிப்போகும். அங்கும் பக்கவாட்டு மேல்தட்டுதான். இரண்டு அணிகளும் எப்படி விரிந்து சுருங்குகின்றன என்பது அங்கிருந்துதான் தெரியும், டி.வி. ஒருபோதும் காட்டாத காட்சி அது. 300 கி.மீ. போவது அதற்காகத்தான்.

கேட்டில் பறிகொடுப்பவை

தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், லைட்டர், ஹெல்மெட், குடை, செல்ஃபி ஸ்டிக், பெரிய பை: இவற்றை உள்ளே விடமாட்டார்கள். வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் இடமும் பெரும்பாலும் இருக்காது, கேட்டோரம் குவியலாகக் கிடக்கும். ரயிலில் வருபவர்கள் பையை ரயில் நிலைய கிளோக் ரூமில் போடலாம். அதற்குப் பயண டிக்கெட்டும், பைக்குப் பூட்டும் வேண்டும். ஒரு சின்னப் பூட்டு இல்லாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. வேனில் வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, போனும் பர்ஸும் அடையாள அட்டையும் போதும்.

பவர் பேங்க் இல்லாமல் இரவு 12 வரை போன் தாங்க வேண்டும். நுழைவு டிக்கெட், மெட்ரோ, ரயில், பணம் எல்லாம் அதில்தான். பிற்பகலில் சாப்பிடும் ஹோட்டலிலேயே நூறு சதவீதம் ஏற்றிவிடுங்கள். ஸ்டேடியத்தை நெருங்கியதும் கூட்ட நெரிசலில் இணையம் படுத்துவிடும். டிக்கெட்டை மெட்ரோவில் வரும்போதே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர்.ஐயும் டிரைவர் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போடுங்கள். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சாப்பாட்டை 5.30க்குள் முடித்துவிடுவது நல்லது. திரும்பும் வழிக்கு வீட்டிலிருந்து புளியோதரை. எலுமிச்சை சாதத்தைவிட அது அடுத்த நாள் காலை வரை நன்றாகத் தாங்கும்.

பேனர் கொண்டுபோவதாக இருந்தால் ஃபிளெக்ஸ் வேண்டாம். மடித்தால் விரிசல் விடும், கனமும் அதிகம். காடாத் துணிதான். 12 அடி நீளம், 6 அடி உயரம் என்பது நான்கு பேர் பிடிக்கத் தோதான அளவு. 36 அங்குல அகலத் துணியில் இரண்டு நீளம் சேர்த்துத் தைக்க வேண்டும், மடிப்புக்கும் சேர்த்து 8 மீட்டர். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்கடைகளில் கொடுத்தால் சுற்றிலும் இரட்டை மடிப்புப் போட்டு, மேல் விளிம்பில் இரண்டு அடிக்கு ஓர் ஐலெட் வளையமும் அடிக்க ஏற்பாடு செய்வார்கள். கம்பு எந்த வகையானாலும் கேட்டில் நிற்கும், ஆகவே நாடா கட்டிப் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். எழுத்துக்கு அக்ரிலிக் ஃபேப்ரிக் பெயின்ட். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்த எழுத்து எதிர்ப் பக்கத்திலிருந்து தெரியாது. துணியை முதலில் ஒருமுறை நனைத்துக் காய வைத்துவிட்டு எழுதினால் சுருங்கி எழுத்துக் கோணாது. வாசகத்தையும் அளவையும் படமெடுத்து, டிக்கெட் கேட்கும் அதே ரசிகர் குழு வழியாக முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்குங்கள். பறை, தப்பு கொண்டுபோக வேண்டுமென்றாலும் இதே வழிதான். கேட்டில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர், நவம்பரில் கொச்சியில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. பிற்பகல் 3, 4 மணிக்கு இடியோடு கொட்டிவிட்டு விடும். குடை விடமாட்டார்கள் என்பதால் மடித்து வைக்கும் மழைக்கோட்டும், போனுக்கு ஒரு ஜிப் கவரும் போதும்.

பணம் வசூலிப்பதை இரண்டு தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணை ரயிலுக்கோ வேனுக்கோ, பெயர் கொடுத்த அன்றே. இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, டிக்கெட்டுக்கும் டிரைவர் அறைக்கும். வேன் வாடகையைக் கிளம்பும் அன்று வருகிற தலைகளால் வகுக்காமல், முதல் நாள் பெயர் கொடுத்தவர்களால் வகுக்க வேண்டும். கடைசி நேரத்தில் வராதவர் தன் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கட்டும், இல்லையென்றால் அந்தப் பங்கு அவருடையதே. இதை முதல் நாளே குழுவில் எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

ஞாயிறு காலை மதுரை வந்து சேர்ந்ததும் பேனரை மடித்தபடி பரணில் போட்டுவிடாதீர்கள். கொச்சி ஈரத்தில் நனைந்த காடாத் துணி இரண்டே நாளில் கரும்புள்ளி பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயப் போட்டு, எழுத்து உள்பக்கம் வருமாறு சுருட்டி வையுங்கள். சென்னை ஆட்டத்துக்கும் அதே பேனர்தான் போகப் போகிறது.